தோணிக்குப் போகும் நாளில் மாத்திரை இல்லை

காலையில் எழுந்ததும் குளியலறையில் அடுப்பில்லாமல் ஒரு சமையல் செய்கிறேன். கண்ணாடிக் குழாயில் ஐந்து சொட்டுச் சிறுநீர், பத்துச் சொட்டுத் தண்ணீர், ஒரு சோதனை வில்லை. தீயே இல்லாமல் அது கொதிக்கிறது. நீலமாக நின்றால் சர்க்கரை இல்லை, ஆரஞ்சானால் மிக அதிகம். எனக்கு ஆரஞ்சுதான் வரும். இங்கிலாந்தில் எத்தனையோ விநோதம் பழகிவிட்டது. இந்தக் கொதிப்பு மட்டும் இன்னும் பழகவில்லை.

போன மாதம் துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் வேலை நேரத்தில் மயங்கி விழுந்தேன். நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரி நர்ஸ் வேறு காரணம் கண்டுபிடித்தாள். வேலை நாளில் நான் மாத்திரை போடுவதில்லை. ஆனால் கேட்டபோதெல்லாம் "யெஸ், எவ்ரி டே" என்றிருக்கிறேன். அதை நம்பி டாக்டர் அளவைக் கூட்டினார். அளவு கூடியதில் பயந்துபோய் ஒருநாள் முழு அளவையும் விழுங்கிவிட்டு, சாப்பிட நேரமில்லாமல் பெட்டி தூக்கினேன். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது.

"போடவில்லை என்று சொல்லியிருக்கலாமே?"

"ஏசுவீர்கள் என்றுதான்."

"நாங்கள் ஏன் ஏச வேண்டும்?" நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டாள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அதை விளக்க என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

தூத்துக்குடியில் என் அப்பா தோணியில் மூடை தூக்கியவர். கப்பல் ஆழத்தில் நிற்கும். தோணி அதுவரை போய்ச் சரக்கை ஏற்றி இறக்கி முடியும்வரை கரைக்கும் வர முடியாது, சோறும் கிடையாது. அவருக்கும் சர்க்கரை. மாத்திரை போட்டால் பத்து மணிக்கே பசித்து உடம்பு படபடக்கும். ஒருநாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏலே சீனி மூடை, ஒன்ன யாருலே எறக்குறது?" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். அன்றோடு, தோணிக்குப் போகும் நாளில் மாத்திரையை விட்டார். ஒருமுறை டாக்டரிடம் உண்மையைச் சொன்னார். "அப்ப எதுக்குவே எங்கிட்ட வாரீரு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார் டாக்டர். அதன்பிறகு, "ஒழுங்கா சாப்பிடுதேன் ஐயா" என்பதோடு சரி. நாங்கள் மறதியால் விடுகிறோம் என்றுதான் டாக்டர்கள் நினைக்கிறார்கள். கடைசியில் அப்பாவின் இடது காலை எடுத்தார்கள்.

போன வாரம் தங்கை ரீத்தாவின் கடிதம் வந்தது. அவளுக்கும் சர்க்கரையாம். உப்பளத்தில் வெறுங்காலோடு உப்பு வாருகிறவள். 'மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுதேன் அண்ணே, கவலப்படாத' என்று எழுதியிருக்கிறாள். அந்த வரி எனக்குப் பழக்கமான வரி. அதிலிருந்து அவளுடைய கால்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

நேற்று நர்ஸிடம், "மண்டே நோ, டியூஸ்டே நோ" என்று சொல்லிவிட்டேன். ஏசவில்லை. நான் எப்போது சாப்பிடுகிறேன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். டாக்டரிடம் பேசி மாத்திரை நேரத்தை மாற்றித் தந்தாள். இங்கிலீஷில் இவ்வளவு சுலபமாக வந்த உண்மையை ரீத்தாவுக்கும் எழுதலாம், நான் சொன்னால் அவளும் சொல்வாள் என்று இன்று காலை நீல ஏர் லெட்டரை விரித்தேன். யோசிப்பதற்குள் கை தானாக, 'நான் இங்கு நலம்' என்று எழுதிவிட்டது.

நீலக் கடுதாசி மேசைமேல் கிடக்கிறது. பக்கத்தில் ஆரஞ்சு நிறக் குழாய், இன்னும் சூடு ஆறவில்லை. அந்த வரியை அடித்தால் ரீத்தா பயந்துபோவாள். அடிக்காவிட்டால் நம்பிவிடுவாள்.