விற்கிற கரண்ட்

எங்கள் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில், கழிவிலிருந்து வரும் வாயுவை எரித்துக் கரண்ட் எடுத்து மின்சாரக் கம்பெனிக்கு விற்கிறார்கள். அந்த இஞ்சினைப் பார்த்துக்கொண்டவர் பத்தாங் காலி ஊர்ப் பக்கத்து ஆள், ஒல்லியாக இருப்பார். நாங்கள் இஞ்சின்காரர் என்போம். யார் பேசினாலும் காதுமூடியை ஒரு பக்கம் மட்டும் தூக்கிக் கேட்பார். மறு காது இஞ்சினுக்கு.

ஒருநாள் மத்தியானம் வட்டாரம் முழுக்கக் கரண்ட் போனது. வீட்டில் என் மனைவியின் ஆக்சிஜன் மிசின் நின்றுவிட்டது. ஆலைக்கு ஓடினேன். அங்கே இஞ்சினும் நின்றிருந்தது.

“அண்ணே, ஒரு வயர் இழுத்துக் குடுங்கண்ணே!”

“வெளிய லைன் செத்தா இதுவும் நின்னுடும்லா. நம்ம லயத்து வீடுங்களுக்கு இதுலேர்ந்து வயரே கெடையாது தம்பி. எல்லாம் விக்கிற கரண்ட்.”

“அவ மூச்சு விட முடியாம தவிக்கிறாண்ணே.”

காதுமூடியை முழுசாகக் கழற்றி வைத்தார். “என் காடி வெளிய நிக்குது. வாங்க, அவங்கள அதுல ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியில் அவள் பிழைத்தாள். நாங்கள் போன நேரத்தில் லைன் வந்துவிட்டதாம். இஞ்சினை மறுபடி ஓட்ட ஆளில்லையாம். அதற்காக அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். மறுவாரம் இஞ்சின் அறையில் வேறொருவர் இருந்தார். இஞ்சின்காரர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

விளக்கேற்றி, மனைவி பெயரைச் சொல்லி முருகனைக் கும்பிடுகிறேன். அடுத்து அவருக்காக வேண்ட வாய் திறந்தால், பெயர் தெரியவில்லை. “உனக்குத் தெரியும்ப்பா” என்கிறேன்.