தங்கச்சியை எனக்கு அக்காவாக்கிய மெஷின்

போன செவ்வாய்க்கிழமை என் தங்கச்சி ராசம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு இதய வால்வு பழுது. ஒப்பரேஷன் செய்யலாமா என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அன்றைக்குத்தான் சொல்வதாக இருந்தது. இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனாலும் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

மடுல்கெல்லையிலிருந்து காலை 5.40 பஸ். கண்டிக்கு முப்பது கிலோமீற்றர், ஒன்றே முக்கால் மணி நேரம். டிக்கெட் ஆளுக்கு 140 ரூபாய். பின் சீட்டு வேண்டாம், வளைவுகளில் குடலைப் புரட்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு த்ரீவீலுக்கு 300 ரூபாய்.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "அம்மாவுக்கு வயசு அறுபத்தெட்டு. ஒப்பரேஷன் வேண்டாம், குளிசை போதும் எண்டு ஏஐ சொல்லுது."

அவளுக்கு ஐம்பத்தெட்டு. கலவரத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு எரிந்தபோது பிறப்புப் பத்திரமும் எரிந்தது. யுத்த காலத்தில் அடையாள அட்டை இல்லாமல் செக்பொயின்ட் தாண்ட முடியாது. அட்டைக்கு விண்ணப்பம் எழுதியவர் அவளுடைய வெயிலில் கறுத்த முகத்தைப் பார்த்துப் பத்து வயதைக் கூட்டிப் போட்டார். கிடைத்ததே பெரிது என்று வாயை மூடிக்கொண்டோம். அன்றைக்கு அந்தப் பொய் அவளைக் காப்பாற்றியது. இப்போது அதே பொய்யை வைத்து ஒரு மெஷின் அவளைக் கழித்துவிட்டது.

என் அட்டையை மேசையில் வைத்தேன். "எனக்கு அறுபத்தொண்ணு. இவள இடுப்புல தூக்கி வளத்தவ நான். ஒருக்கா மொகத்தப் பாருங்க டொக்டர்."

"விடுங்கக்கா, இனியாச்சும் நீங்க என் பேச்சக் கேப்பீங்க," என்றாள் ராசம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு.

டொக்டர் சிரிக்கவில்லை. "அட்டையில உள்ளதை மாத்தேலாது அம்மா. சிஸ்டம் எடுக்காது."

"அப்ப நீங்க எதுக்கு இருக்கீங்க?"

அதற்குப் பிறகுதான் கதிரையைத் திருப்பினார். கழுத்து நரம்பைப் பார்த்தார், முதுகில் குழாயை வைத்துக் கேட்டார், நடக்க வைத்தார், அட்டை எடுத்த கதையைக் கேட்டார். கால் மணி நேரம். பிறகு பேனாவை எடுத்து, வயது ஐம்பத்தெட்டு, ஒப்பரேஷன் செய்யலாம், இது என் முடிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கால் மணி நேரத்தை முதலிலேயே தந்திருக்கலாம். மெஷின் எல்லா டொக்டர்மாரையும் விடக் கெட்டியாகக் கணக்குப் போடட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் நானும் கணக்கில் கெட்டிதான். ஆனால் போட்ட கணக்கு தப்பென்றால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். டொக்டர் அதற்குத்தான்.

போகிறவர்கள் பழைய பள்ளிக்கூடக் கடதாசி ஏதாவது இருந்தால் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் நோயாளியை விட மூத்த ஆளைக் கூட்டிப் போங்கள். டொக்டர் தன் கதிரையைத் திருப்பும்வரை, நீங்கள் உங்கள் கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.