தெரியாத புள்ளிக்கும் ஒரு அமுக்கல்

ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் குணசேகரன். மேலதிகாரி மிரட்டினாலும் பழுதான சரக்குக்குப் பாஸ் போட மாட்டார். அதற்குத் தண்டனையாகக் கடைசிவரை பதவி உயர்வையே கண்ணில் காட்டவில்லை.

நான்கு வருடமாக அவருக்கு க்ளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய். போன பார்வை திரும்பாது. மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்து காக்கலாம். எத்தனை காலம் காக்கும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் பார்வைப் பரப்புச் சோதனை. கருவிக்குள் வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். முடிந்ததும், சோதனையை நடத்திய ஆஸ்பத்திரிப் பெண் சுதா முடிவுத் தாளைப் பார்த்தாள்.

"சார், புள்ளியே வராதப்பகூட அமுக்கியிருக்கீங்க. இது செல்லாது."

வாசலில் நின்ற மனைவி ஜெகதாம்பாள் விடவில்லை. "இன்னாய்யா, ஊரு சரக்கையெல்லாம் ரிஜெக்ட் பண்ண ஆளு, உன் கண்ணுக்கு மட்டும் பாஸ் போட்டுக்கிறியா?"

"பயமா கீதுடி" என்றார். அவர் வாயிலிருந்து அவள் அதுவரை கேட்டிராத வார்த்தை.

"எனக்கும்தான். போய் ஒழுங்கா குந்து."

மறுபடி உட்கார்ந்தார். தெரிந்த புள்ளிக்கு மட்டும் அமுக்கினார். தெரியாதபோது சும்மா இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வந்த தாளில், பார்வை போன இடத்தைக் காட்டும் கறுப்பு மூக்கோரப் பக்கம் போன தடவையைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. நோய் முற்றுகிறதா என்று டாக்டரிடம் கேட்டார். இன்னொரு சோதனைக்குப் பிறகுதான் சொல்ல முடியும் என்ற டாக்டர், இரண்டாவதாக ஒரு சொட்டு மருந்து எழுதினார்.

அதைக் காலையில் போடுவதா, ராத்திரியிலா என்று குணசேகரன் விசாரித்துக்கொண்டார்.