ஷாகிராவின் பிரேக்கில் குறையில்லை

திங்கட்கிழமை காலை மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் வேலை செய்யும் தையல் கம்பெனியில் நாள் அப்படித்தான் தொடங்கும். பக்கத்து மெஷின் ஷாகிராவுடையது. அவள் இன்னும் வரவில்லை. சூப்பர்வைசர் வந்து அதன் சுவிட்சை அணைத்தார். என் முகத்தைப் பார்க்காமலே, "சென்னீர்குப்பத்துல லாரி இட்ச்சிட்ச்சாம்மா. அங்கயே போய்ட்டாங்களாம்" என்றார்.

தையல் லைனில் அவளோடு உட்கார்ந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவள் பைக்கில் வரும் கரையான்சாவடிக்காரி, அவ்வளவுதான். புருஷன் அவளை விட்டுப் போனபோது வீட்டில் மிஞ்சியது அவனுடைய மோட்டார் சைக்கிள். அம்மாவோடும் அண்ணனோடும் இருந்துகொண்டு, அதை ஓட்டப் பழகி, அதிலேயே வேலைக்கு வந்தாள். என்னிடமும் தம்பி வேண்டாமென்று விட்ட ஒரு பழைய பைக் இருந்தது. ஒரே வயது, ஒரே ஷிப்ட். சிநேகிதிகளாக வேறென்ன வேண்டும்?

ஒருமுறை செயின் கழன்று வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனோம். என்ன கோளாறு என்று அவள் கேட்டதற்கு, "ஊட்ல ஆம்பள இருந்தா அனுப்பும்மா, அவராண்ட சொல்றேன்" என்றான். "ஆம்பள ஒழுங்கா இருந்திருந்தா இந்த வண்டி எங்கிட்ட ஏன் கீது?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேக்காட்டில் என் வீட்டு வாசலில் ஸ்பேனர்களோடு வந்து இறங்கினாள். போனில் வீடியோவை ஓடவிட்டுப் பூந்தொட்டியில் சாய்த்து வைத்தோம். இருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டவே முழுக் காலைப்பொழுதும் போயிற்று.

தையல்காரிகளுக்கு ஒரு புத்தி உண்டு. எது கத்தினாலும் எண்ணெய் விடுவோம். அவளுடைய பின்பிரேக் கிறீச்சென்று கத்த ஆரம்பித்தது. கைப்பையிலிருந்து மெஷின் எண்ணெயை எடுத்து, சக்கரத்தின் நடுவில் பிரேக் இருக்கும் டிரம்மின் இடுக்கில் தாராளமாக விட்டாள். நான் சக்கரத்தைச் சுற்றிக் கொடுத்தேன். சத்தம் நின்றது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. தெருமுனையில் அவள் பிரேக்கை மிதித்தபோது வண்டி நிற்காமல் போய், வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஏறிச் சாய்ந்தது. வாயெல்லாம் மணலோடு சிரித்துக்கொண்டே வந்தாள்.

அன்றுதான் முதன்முதலாகப் பின்சக்கரத்தைக் கழற்றினோம். பிரேக் ஷூ எண்ணெயில் ஊறிக் கிடந்தது. உரசினால்தான் அது சக்கரத்தை நிறுத்தும். நாங்கள் போய் உரசாமல் செய்து வைத்திருந்தோம். டிரம்மை நன்றாகத் துடைத்து, புது ஷூ வாங்கி மாட்டினாள். அதன்பிறகு பிரேக்கை மிதித்துப் பார்க்காமல் அவள் வண்டியை எடுத்ததே இல்லை. "ஓடுதான்னு எவன் வேணா பாப்பான். நிக்குதான்னு பாருடி" என்று என்னையும் விடமாட்டாள்.

எண்ணெய் விட்ட கதையைச் சாப்பாட்டு வேளையில் அவளே உங்களுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்புதான் இப்போது அவளுக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது. அவள் உடலைப் பள்ளிவாசலுக்கு எடுத்துப் போய்விட்டு வந்த அவள் அண்ணன், "அவளே கய்ட்டி மாட்டிகினு இருந்தா. பிரேக் புட்ச்சிருக்காது" என்றார். நம்மோடு துக்கத்துக்கு வந்த ஒருத்தி, "ஆமாண்ணே, எண்ணெய் வுட்டவதானே" என்றாள். செத்தவள் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டாள் என்ற தைரியம்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி சுவரோரம் கிடந்தது. முன்பக்கம் நசுங்கிப்போயிருந்தது, பின்சக்கரம் அப்படியே இருந்தது. என்னோடு வந்த தம்பி வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினான். நான் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டுப் பிரேக்கை மிதித்தேன். சட்டென்று நின்றது. மறுபடி செய்தேன். மறுபடியும் நின்றது. பார்த்துக்கொண்டிருந்த ஏட்டு, "லாரிதாம்மா ராங் சைடுல வந்துச்சு. பிரேக்குன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்றார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அந்தக் கதையைச் சொல்வதானால், புது ஷூ வாங்கி மாட்டியதுவரை சொல்லுங்கள்.

ஏட்டு சொன்னதை அவள் வீட்டிலும் போய்ச் சொன்னேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அதுவரை, "சொன்னா கேட்டாளா, சொன்னா கேட்டாளா" என்று மகளைத் திட்டிக்கொண்டே இருந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"அப்ப எம்பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்லியாம்மா?"

"இல்லம்மா. எல்லாம் சரியாத்தான் செஞ்சிருந்தா."

"சரியா செஞ்சுமாம்மா போய்ட்டா?"

திட்டுவதற்காவது ஒரு மகள் அந்த அம்மாவுக்கு இருந்தாள். நான் போய் அதையும் பறித்துவிட்டேனோ என்று தோன்றியது. அவரோடு சேர்ந்து அழத்தான் முடிந்தது.

ஷாகிராவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஞாயிற்றுக்கிழமைக் காலை. போன வாரம் தனியாக இன்ஜின் ஆயில் மாற்றினேன். போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்று சந்தேகம் வந்ததும், பழக்கதோஷத்தில் "போதுமாடி?" என்று கேட்டுவிட்டேன். போதும் என்று நானே சொல்லிக்கொண்டு எழுந்தேன்.