நாற்பது நிமிஷம்

எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் பஸ்ஸை நிறுத்தியதும் பாண்டெலிஸ் மணிக்கட்டை உயர்த்தி எல்லோருக்கும் கடிகாரத்தைக் காட்டுவார். "நாப்பது நிமிஷம். இறங்குங்க, பாருங்க, ஏறி வந்துடுங்க. நல்ல ஷூ போட்டவங்க புகை வர்ற இடத்துல நிக்காதீங்க, அடி உருகிடும்." இதை நாலு பாஷையில் சொல்வார். நாலிலும் பிழை உண்டு. நாற்பதாவது நிமிஷம் ஹாரன் இரண்டு முறை அலறும்.

பக்கத்துத் தீவான கோஸிலிருந்து வரும் படகு பதினொரு மணிக்கு இந்தக் கிரேக்கத் தீவான நிசிரோஸில் ஆட்களை இறக்கும். பாதிப் பேர் ஜோடிகள். அவர்கள் மீது பாண்டெலிஸுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கை கோத்துக்கொண்டு நடந்தால் மேட்டில் ஏற நாலு நிமிஷம் கூடுதலாகிறதாம். ஆனாலும் கேட்டவர்களுக்கெல்லாம் படம் எடுத்துக் கொடுப்பார், பாதிப் படங்களில் தலை இருக்காது. அவர்கள் கீழே இருக்கும்போது டயரை உதைத்துப் பார்ப்பார், துடைத்த கண்ணாடியைத் திரும்பத் துடைப்பார், காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளும் பள்ளத்துக்குள் இறங்கியதில்லை. "தெனம் பாக்கறதுதானே" என்பார்.

வீட்டிலும் இதே கதைதான். சூப்பை நின்றுகொண்டே குடிப்பார். ஷூ நாடாவில் இரட்டை முடிச்சு. படுக்கப் போகும்போதுதான் அது அவிழும். கல்யாணமான புதிதில் மனைவி தெமெலினாவிடம் ஒருநாள் தீவைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். ஒரே பகலில் சுற்றிவிடக்கூடிய தீவு.

போன வாரம் கொண்டைக்கடலை வடையைத் திருப்பிப் போட்டபடியே அவள் சொன்னாள்: "ஒரு நாள் என்னோட சுத்து. பஸ் இல்லாம, ஹாரன் இல்லாம. முடியலன்னா சொல்லிடு, குளிர்காலத்துக்கு ரோட்ஸ் தீவுல அக்கா வீட்டுக்குப் போறேன். போனா திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியல."

அவள் கத்தியிருந்தால் அவர் சமாளித்திருப்பார். அடுப்பைப் பார்த்துக்கொண்டல்லவா சொன்னாள். அவள் இல்லாத வீட்டுக்குள் நுழைய அவரால் முடியாது, அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸைத் தம்பி மிகாலிஸிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். எம்போரியோஸ் கிராமத்தில் வெந்நீராவி வரும் குகைக்குள் உட்கார அவள் ஆசைப்பட்டாள். மூன்றாவது நிமிஷமே சக்கரத்தில் காற்று பார்க்க அவர் வெளியே போய்விட்டார். நிகியா கிராமத்தின் வட்டத் திடலில் பாதாம் சர்பத்தை ஒரே மடக்கில் முடித்துவிட்டு, ஒரு ஜெர்மன் ஜோடியைப் படம் எடுக்க எழுந்து போனார். திரும்பி வந்தபோது தெமெலினா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

மதியம் பள்ளத்துக்கு வந்தார்கள். விளிம்பில் மிகாலிஸின் பஸ் நின்றது. தெமெலினா தேவாலயத்துக்குப் போடும் ஷூவோடு இறங்கத் தொடங்கினாள்.

"அடி உருகிடும்."

"உருகட்டும்."

அவரும் பின்னாலேயே இறங்கினார். தரை மஞ்சளாக இருந்தது, காலுக்கடியில் எங்கோ கொதிக்கும் சத்தம் கேட்டது. ஓரத்தில் கிடந்த பாறையில் அவள் உட்கார்ந்து, பையிலிருந்து வடைப் பொட்டலத்தை எடுத்தாள். அவர் நின்றார். கடிகாரத்தைப் பார்க்காமலிருக்க அந்தக் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

மேலே ஹாரன் இரண்டு முறை அலறியது.

பள்ளத்திலிருந்த அத்தனை பேரும் திரும்பி நடந்தார்கள். பாண்டெலிஸின் கால்களும் திரும்பின. ஐந்தாறு அடி போன பிறகுதான் தான் நடப்பதே அவருக்கு உறைத்தது.

"போறதுன்னா போ. நான் கூப்பிட மாட்டேன்" என்றாள் தெமெலினா, பொட்டலத்தைப் பிரித்தபடி.

மேட்டில் கடைசி ஜோடி ஏறிக்கொண்டிருந்தது. பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. பாண்டெலிஸ் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். குனிந்து இடது ஷூவின் இரட்டை முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தார். பிறகு வலது ஷூ.