ஐந்து நாள் சிவப்புத் தண்ணீர்

சுத்தம் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கிறுக்கு உண்டு. இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் குடித்து முடிக்குமுன் தம்ளரைப் பிடுங்கிக் கழுவிவிடுவேன். இந்தக் கிறுக்கால் ஒரு காலைப்பொழுதில் என் அப்பாவையே சயாமுக்கு அனுப்பப் பார்த்தேன். அப்போது எனக்கு எட்டு வயது. ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம்.

மலாய் நாட்டில், திகாம் பத்துவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா, வெள்ளைக்காரத் துரையின் கார் டிரைவர். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை தன் பழைய காரை நம்பாமல் வேறு யாருடைய வண்டியிலோ ஏறிப் போய்விட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவர் புத்திசாலி. காரைச் சுங்கைப் பட்டாணியில் இருந்த ஒரு ஜப்பானிய அதிகாரி எடுத்துக்கொண்டான். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரவள்ளி நடப் போனார்.

சில மாதம் கழித்து அந்தக் கார் திரும்பி வந்தது. நான்கு சிப்பாய்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்பக்கம் இட்லிப் பானை போல ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதிகாரி பின்னால் வெயிலில் நடந்து வந்தான். அவன் முகத்திலும் ஆவி வராததுதான் குறை.

அந்த நாட்களில் சயாமில் ரயில் பாதை போட ஆட்களை ஏற்றிப்போகத் தோட்டத்துக்கு லாரி வரும். அம்மாவின் தம்பி, என் மாமா, முதல் லாரியிலேயே போனவர். போனவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அடுத்த லாரி ஐந்தாம் நாள் வருவதாக இருந்தது. அதற்கான பட்டியலில் அப்பாவின் பெயர் இருந்தது.

அதிகாரி அரைகுறை மலாயில் கத்தினான். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அதை அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"காடிய சரி பண்ற வரைக்கும் உன்னத் தொட மாட்டானாம்லா. சரியாயிட்டா சிப்பாய் ஓட்டிக்கிட்டுப் போயிருவான், நீ லாரியில ஏறணும். முடியலன்னு கைய விரிச்சாலும் லாரிதான்."

ஆக, லாரி வந்து போகிற வரைக்கும் வேலை நடந்துகொண்டே இருக்க வேண்டும். முடியவும் கூடாது, முடியாது என்று ஆகிவிடவும் கூடாது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கார் சரியானதும் என்னை அதில் உட்கார வைத்துப் பெரிய ரோடு வரை ஓட்டிக் காட்டுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளை தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும் என்று சொன்ன வாக்கு. நான் அதைக் கல்லில் செதுக்கி வைத்துக்கொண்டேன்.

காரின் முன்னால் ரேடியேட்டர் இருக்கிறதே, அதில்தான் கோளாறு. எஞ்சினைச் சுற்றிவரும் தண்ணீர் அதில் வந்து ஆற வேண்டும். வருஷக்கணக்கான துரு உள்ளே அடைத்துக்கொண்டு தண்ணீரை ஓடவிடவில்லை. அப்பா மேலேயும் கீழேயும் இருந்த ரப்பர் குழாய்களைக் கழற்றினார். உயரத்தில் இருந்த தொட்டியிலிருந்து நீளக் குழாய் ஒன்றை இழுத்து, ரேடியேட்டரின் கீழ் வாயில் சொருகி, தண்ணீரைத் தலைகீழாக மேலே ஏற்றினார். தவிடு தவிடாகத் துரு வெளியே வந்து விழுந்தது. தகடுகளின் இடுக்கில் செத்துக் கிடந்த பூச்சிகளை ஈர்க்குச்சியால் நோண்டி எடுப்பது என் வேலை. இரண்டு நாளில் ஒரு கொட்டாங்கச்சி நிறையச் சேர்த்தேன்.

துருவைக் கரைக்க மருந்து ஏது? அம்மா ஜாடியில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பழம்புளியை எடுத்து வந்தாள். கடையில் புளி கண்ணில் படாத காலம். குத்துவிளக்குத் துலங்கினால் இரும்பும் துலங்கும் என்பது அவள் கணக்கு. அதைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, ரப்பர் குழாய்களை மறுபடி மாட்டி, ரேடியேட்டரில் ஊற்றி ஊறவிட்டார்கள். காருக்குப் புளிக்குழம்பு, எங்களுக்கு வெறும் மரவள்ளிக்கிழங்கு. எனக்குக் காரின் மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

தினமும் காலையில் அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்து பார்ப்பான். அப்பா ரேடியேட்டரின் அடியில் இருக்கும் சின்னக் குழாயைத் திருகுவார். பீங்கான் மங்குத் தட்டில் தண்ணீர் விழும். செக்கச் செவேல் என்று இருக்கும். அதிகாரி குனிந்து பார்த்து, "பெலும்" என்பான். இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். போய்விடுவான்.

எனக்குத்தான் அவமானமாக இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலமே தண்ணீர் தெளிவாக வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். விடிந்தால் மறுபடி சிவப்பு. நான்காம் நாள் விடியலில் அம்மாவின் கை முழங்கை வரை செம்மண்ணாக இருந்தது. என்னம்மா என்று கேட்டேன். அடுப்பு மெழுகினேன் என்றாள். அடுப்போ காய்ந்து வெடித்துப்போய்க் கிடந்தது. நான் அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அம்மா பால்மரம் வெட்டியவள், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவள். கிராணி பார்க்க வருமுன் வாளியும் பால் பிடிக்கும் மங்கும் பளிச்சென்று இருக்க வேண்டும், அழுக்கு இருந்தால் பால் எடையில் கழித்துவிடுவார்கள் என்று அதைக் கழுவும் வேலையை ஐந்து வயதிலேயே என் தலையில் கட்டியிருந்தாள். பார்க்க வருகிறார்கள் என்றால் கழுவிவிடு. எனக்குத் தெரிந்த உலக நியாயம் அதுதான்.

ஐந்தாம் நாள் காலை. ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் லாரி வந்து நின்றுவிட்டது. ஆட்கள் மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் வீட்டுக்குள் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காரடியில் உட்கார்ந்து அந்தச் சின்னக் குழாயைத் திருகினேன். சிவப்பு! முழுவதையும் வடித்தேன். கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து மேலே ஊற்றி, கீழே வடித்து, மறுபடி ஊற்றினேன். கை வலிக்கிற வரை விடவில்லை. கடைசியில் தண்ணீர் கண்ணாடி போல விழுந்தது.

அதிகாரியும் கிராணியும் வந்தார்கள். அப்பா சாவகாசமாகக் குனிந்து திருகினார். தட்டின் அடியில் இருந்த பூப்போட்ட கோலம் தண்ணீருக்குள் அப்படியே தெரிந்தது.

"நாந்தாம்பா கழுவினேன்!" என்றேன்.

அதிகாரி, "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் மெச்சி என் தலையைத் தட்டிக்கொடுத்தான். கிராணி தரையைப் பார்த்தார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நல்ல காரியம் செய்த என்னை எங்கள் ஆட்களில் ஒருவர்கூடப் பாராட்டவில்லையே என்று எனக்கு மூக்கு விடைத்தது.

அப்பா தட்டைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"கெராணி ஐயா, இது முன்னால நிக்கிற தண்ணி மட்டுந்தாங்க. எஞ்சின ஓட விட்டு, சூடு ஏறி, உள்ள இருக்கறதும் கலந்து வந்தாத்தான் நெசம் தெரியும். ஒருக்கா பாத்திரச் சொல்லுங்க."

பேச்சை வளர்க்கத்தான் அப்படிச் சொன்னாராம். எஞ்சினுக்குள்ளும் புளித்தண்ணீர் விட்டு ஏற்கனவே அலசியிருந்தார். துரு மிச்சம் இருக்குமா என்று அவருக்கே தெரியாது.

காரின் முன்னால் எஞ்சினைக் கிளப்பும் கம்பியைச் செருகிச் சுற்றினார். எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அந்தக் கார் ஒருநாளும் முதல் சுற்றில் பிடித்ததில்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அதிகாரி கையை உயர்த்தி அவனைக் காத்திருக்கச் சொன்னான். கார் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு ஓடியது. அம்மாவின் உதடு ஓயாமல் முணுமுணுத்தது. கால் மணி நேரம் இருக்கும். எனக்கு அது தூரத்துப் பண்டார் பாரு வரை போய்வரும் நேரம் போல இருந்தது.

அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டுக் குழாயைத் திருகினார். சீறிக்கொண்டு வந்த ஆவி அவர் புறங்கையைச் சுட்டது. கையை எடுக்கவில்லை. முதலில் தெளிவாகக் கொஞ்சம் தண்ணீர் வந்தது. பிறகு பழுப்பு. பிறகு சிவப்பு. செம்மண் கலக்காத, அந்தக் காரின் சொந்தச் சிவப்பு. துரு கட்டி கட்டியாகத் தட்டில் விழுந்தது.

அதிகாரி முகத்தைச் சுளித்தான். "பெலும்" என்றான். லாரியைப் பார்த்துக் கையை வீசினான். அது அப்பா இல்லாமல் புறப்பட்டுப் போனது.

இரண்டு நாள் கழித்துக் கார் உண்மையிலேயே சரியானது. சிப்பாய் ஒருவன் வந்து ஓட்டிப் போனான். அதற்குப் பிறகு லாரி எங்கள் தோட்டத்துப் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா அடுப்பை மெழுகியது எந்த மண்ணால், எதற்காக என்று எனக்கு அவள் சொன்னது நான் கல்யாணம் ஆகிப் போகும்போதுதான்.

ஆனால் லாரி போன அந்தக் காலையில் நான் ஓவென்று அழுதேன். அத்தனை வாளி சுமந்தும் சிவப்பாகவே வந்துவிட்டதே, என் சவாரி போய்விட்டதே என்று மண்ணில் புரண்டு அழுதேன். அம்மா ஓடிவந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அடித்த கையாலேயே என்னை வாரி நெஞ்சோடு இறுக்கினாள். அவளும் அழுதாள். அப்பா வெந்துபோன கையை உதறிக்கொண்டே சிரித்தார். என்னைத் தூக்கி டிரைவர் இருக்கையில் உட்கார வைத்தார்.

"காடிதான் ஓடலயேப்பா" என்றேன் விக்கலோடு.

"ஓடலம்மா, ஓடல" என்றார் அப்பா. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல், காரின் மூக்கில் தட்டிக் கொடுத்தார். ஐந்து நாள் பாடுபட்டும் வேலை முடியாத மனிதருக்கு இவ்வளவு என்ன சந்தோஷம் என்று அவர் மேல் எனக்குக் கோபமாக வந்தது.