ஸ்டெல்லா பெயரில் போட்ட சிவப்புக் கோடு

மைசூரில் ஒரு பள்ளியில் நான் பி.டி. டீச்சர். பெண்கள் கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கும்போது டேப்பையும் எடை மெஷினையும்தான் முதலில் நம்புவேன். அந்த வருடம், ஒன்பதாம் வகுப்பு ஸ்டெல்லாவின் உயரத்துக்கு எடை அதிகம் என்று அட்டவணை சொன்னது. ஓடவிட்டுக்கூடப் பார்க்காமல் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

மறுநாள் காலை, மற்றவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவாக மைதானத்தை ஐந்து சுற்று ஓடச் சொன்னேன்.

"மிஸ், ஃபிரெண்ட்ஸுக்குத் துணையா நானும் ஓடட்டா?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"ஓடிக்கோ" என்று சொல்லிவிட்டு ஸ்டாப்வாட்ச்சில் கண்ணை வைத்தேன்.

கடைசிக் குழு முடித்துப் புல்லில் மல்லாந்து விழுந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஸ்டெல்லா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். குழுவுக்கு ஒரு தோழி இருந்ததால், மூன்று குழுவோடும் ஓடியிருக்கிறாள்!

"ஏனாய்த்து மிஸ், என்ன ஆச்சு? ஏன் அப்படிப் பாக்கிறீங்க? அடுத்த பேட்ச் இல்லியா?"

தம்பியைப் பின்னால் உட்காரவைத்து மண்டி மொஹல்லாவிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து வருகிறவள் அவள். நான் கொழுப்பு என்று கழித்ததெல்லாம் தசை. அதே சிவப்புப் பேனாவால் அவள் பெயரைப் பட்டியலின் முதல் வரியில் எழுதினேன்.

எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அப்போ உங்க வெயிட்டையும் பாக்கலாமா மிஸ்?"

நல்லவேளை, எடை மெஷின் ஸ்டோர் ரூமில் பூட்டியிருந்தது.

இப்போதும் எல்லோருக்கும் அளவெடுக்கிறேன், ஓடி முடித்த பிறகு. அன்று அவள் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால், நான் செய்தது தப்பு என்றே எனக்குத் தெரிந்திருக்காது.